போகிற நேரத்தில் வருகிறவர்கள்

"அங்க பார், அப்பு வந்து வாசல்ல நிக்கிறார். கதிரையை எடுத்துப் போடு." மாதக்கணக்காகப் படுக்கையில் கிடக்கும் ஆச்சி இப்படிச் சொன்னால், வட இலங்கையின் வன்னி வீடுகளில் இரண்டு குரல்கள் எழும். "ஆச்சி அலட்டுறா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்பது ஒன்று. "கொண்டுபோக வந்திட்டினம், இனிக் கன நாள் இல்லை, வெளிநாட்டில இருக்கிற பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ" என்பது மற்றது.

இரண்டிலும் உண்மை உண்டு. முதுமையில் ஒருவர் அருகில் இல்லாதவரைக் காண்பதற்குக் காரணம் பல. கண் மங்கியதால் வரும் காட்சி உண்டு. மூளையின் நோயால் வருவது உண்டு. உடலில் சேர்ந்த நஞ்சாலும் காய்ச்சலாலும் வருவது உண்டு. இவற்றுக்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. இவை எதிலும் சேராமல், புத்தி தெளிவாக இருக்கும்போதே, மரணத்துக்குச் சில கிழமைகளுக்கு முன்னால் தொடங்கும் இன்னொரு வகைக் காட்சியும் உண்டு. அதற்கு மருந்து தேவையில்லை, கேட்க ஒரு காது போதும். எது எதுவென்று பிரித்தறிந்தால், தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தவிர்க்கலாம். கிடைக்கவேண்டிய ஆறுதலைக் கெடுக்காமலும் இருக்கலாம்.

கண் மங்கினாலும் மூளை ஓய்வதில்லை

பார்ப்பது கண்ணின் வேலை என்று நினைக்கிறோம். கண் செய்வது பாதி வேலைதான். 'இங்கே இன்னது இருக்கும்' என்று மூளை தன் அனுபவத்தைக் கொண்டு முன்கூட்டியே ஊகித்து வைக்கிறது. கண்ணிலிருந்து வரும் தகவல் அந்த ஊகத்தைத் திருத்துகிறது. மம்மல் பொழுதில் காட்டோரப் பாதையால் சைக்கிளில் வருகிறவருக்குப் பட்டமரக் கட்டை யானையாகத் தெரிவது இதனால்தான். வெளிச்சம் குறையக் கண் தரும் தகவலும் குறைகிறது. யானைப் பயம் நிறைந்த மூளையின் ஊகம் மேலெழுகிறது. கிட்டப் போனதும் கட்டை மறுபடி கட்டையாகிவிடும். பார்வையே மங்கிப்போன முதியவருக்கு அந்தத் திருத்தம் கிடைப்பதில்லை.

ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கையியலாளர் சார்ள்ஸ் பொனே இதை 1760ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். தொண்ணூறை நெருங்கிய அவரது பாட்டனார் சார்ள்ஸ் லுலான், கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்தும் பார்வை குன்றி வந்தவர். ஆண்கள், பெண்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் என்று பலதும் அவர் முன் தோன்றி மறைந்தன. எதுவும் பேசவில்லை. அவற்றில் எதுவும் மெய்யில்லை என்பது லுலானுக்கு நன்றாகத் தெரியும். அவர் புத்தியில் ஒரு குறையும் இருக்கவில்லை. இன்று இந்த நிலைக்குப் பொனேயின் பெயரே வழங்குகிறது. 1998இல் டொமினிக் ஃபிட்ச் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் இத்தகையவர்களின் மூளையை, காட்சி தோன்றும் அதே வேளையில் ஸ்கான் செய்து பார்த்தார்கள். நிறங்கள் தெரிந்தவருக்கு, நிறத்தை அறியும் பகுதி தானாகவே இயங்கியது. முகங்கள் தெரிந்தவருக்கு, முகத்தை அறியும் பகுதி இயங்கியது. ஆக, அவர்கள் கற்பனையாகச் சொல்லவில்லை. மூளையின் கணக்கில் அவர்கள் உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்புரை, குளுக்கோமா, நீரிழிவால் விழித்திரையில் வரும் பாதிப்பு ஆகியவற்றோடு வாழும் முதியவர் எவருக்கும் இது வரலாம். வந்தாலும் பலர் வாய் திறப்பதில்லை. விசர் என்று சொல்லிவிடுவார்களோ, பேய் பிடித்ததென்று நூல் கட்டக் கூட்டிப்போவார்களோ என்ற பயம். "இது கண்ணால வாறது, உங்கட மூளைக்கு ஒண்டும் இல்லை" என்று ஒரு வைத்தியர் சொன்னாலே பாதி வேதனை தீர்ந்துவிடும். கண்புரைதான் காரணமென்றால், சத்திரசிகிச்சைக்குப் பின் காட்சிகளும் குறையக்கூடும்.

சில முதியவர்களுக்கு இதைவிட ஆழமான காரணம் இருக்கும். முற்றத்தில் சின்னப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், கட்டிலுக்கடியில் பூனை படுத்திருக்கிறது என்று தெளிவான உருவங்களைக் கண்டு சொல்வார்கள். ஒரு நாள் நன்றாகக் கதைப்பார்கள், மறுநாள் குழம்பிப் போவார்கள். நடை தளரும், கை கால் விறைக்கும். நித்திரையில் கையை வீசி அடிப்பார்கள், கத்துவார்கள். வீட்டார் "அறளை பேர்ந்திட்டுது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் இது லூயி உடலங்கள் என்னும் புரதத் திரள்கள் மூளைக் கலங்களில் சேர்வதால் வரும் தனி வகை மறதிநோயாக இருக்கலாம். பிரெடரிக் லூயி என்ற மருத்துவர் 1912இல் அந்தத் திரள்களைக் கண்டார். அவை மூளை முழுதும் பரவி மறதிநோயை உண்டாக்குவதை 1976இல் ஜப்பானிய மருத்துவர் கெஞ்ஜி கொசாகா விவரித்தார். பெயர் தெரிந்து ஆவதென்ன என்று கேட்கலாம். ஆவது நிறைய உண்டு. மாயக்காட்சியை அடக்க வழக்கமாகக் கொடுக்கும் ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் இந்த நோயாளிகளின் உடலை விறைக்கச் செய்து, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே, காட்சியோடு நடைத் தளர்ச்சியும் நித்திரைக் குழப்பமும் இருப்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லவேண்டும்.

சன்னி

ஊரில் அதிகம் காண்பது சன்னிதான். நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஒன்றிரண்டு நாளில் குழம்பிப்போகிறார். நேரம் தெரியவில்லை, இடம் தெரியவில்லை. பகலில் தூங்குகிறார், இரவில் எழுந்து கத்துகிறார். சுவரில் பாம்பு ஊர்கிறது, கூரையில் பூச்சி மொய்க்கிறது என்கிறார். போர்வையைப் பிடுங்குகிறார், காற்றில் எதையோ பிடிக்கக் கை நீட்டுகிறார். கடுங்காய்ச்சலில் கிடக்கும் நோயாளி இப்படிக் கையால் துழாவுவது கெட்ட அறிகுறி என்று ஹிப்போகிரட்டீஸ் காலத்துக் கிரேக்க மருத்துவ நூலே சொல்கிறது.

அந்தக் கெட்ட அறிகுறிக்குப் பின்னால் இருப்பது பல தடவைகளில் சாதாரணக் காரணம். சலத்தில் கிருமித் தொற்று. சலம் அடைபட்டு நிற்பது. நாள்கணக்கான மலச்சிக்கல். கோடை வெயிலில் போதிய தண்ணீர் குடிக்காமல் உப்புச் சமநிலை குலைவது. நெஞ்சில் சளிக்காய்ச்சல். பல கிளினிக்குகளில் கொடுத்த மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவது. நாள்தோறும் கள்ளோ கசிப்போ குடித்துப் பழகிய பெரியவரை வேறு நோய்க்காக வார்ட்டில் மறித்தால், குடி நின்ற இரண்டாம் மூன்றாம் நாளில் இதே கூத்து தொடங்கும். அதைக் கவனியாமல் விட்டால் உயிர் போகும்.

வவுனியா மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வட மத்திய மாகாணத்து விவசாயிகளை வாட்டும், காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் அங்கேயும் இருக்கிறது. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு இரத்தத்தில் தேங்கும்போது மூளை குழம்புகிறது. புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மோர்ஃபின் வலியைப் போக்கும் அருமையான மருந்து; ஆனால் சிறுநீரகம் பழுதானவரின் உடலில் அதன் கழிவு தேங்கிச் சன்னியை உண்டாக்கும். அப்போது மருந்தை முற்றாக நிறுத்தி நோயாளியை வலியில் துடிக்க விடவேண்டியதில்லை. அளவைக் குறைக்க அல்லது வேறு மருந்துக்கு மாற்ற வைத்தியருக்குத் தெரியும்.

கனடாவின் எட்மன்ரன் நகரில் முற்றிய புற்றுநோயாளரிடையே பீற்றர் லோலரும் அவரது குழுவினரும் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. இறந்தவர்களில் 88 சதவீதமானோருக்குக் கடைசி மணித்தியாலங்களில் சன்னி இருந்தது. அதே ஆய்வில், அதற்கு முன்னர் வந்த சன்னிகளையும் சேர்த்துப் பார்த்தபோது ஏறத்தாழப் பாதி குணமானது. இந்த இரண்டாவது செய்தியைத்தான் வன்னி வீடுகள் மனதில் வைக்கவேண்டும். "வயசுபோனவர், இனி அப்பிடித்தான்" என்று விட்டுவிட்ட ஒருவர், சலத்தொற்றுக்கு நாலைந்து நாள் மருந்து எடுத்து மறுபடி எழுந்து பேரப்பிள்ளைகளோடு கதைக்கக்கூடியவராக இருக்கலாம்.

தெளிந்த புத்தியில் வரும் வருகை

இனி, இவை ஒன்றிலும் அடங்காத வகைக்கு வருவோம். ஆச்சிக்குக் காய்ச்சல் இல்லை. இன்றைக்கு என்ன கிழமை, யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்றெல்லாம் தெரிகிறது. தேத்தண்ணியில் சீனி குறைவென்று சொல்கிறா. அதே மூச்சில், முப்பது வருடத்துக்கு முன் செத்த தாயார் கட்டில் காலடியில் வந்து இருந்தா என்கிறா. பயமில்லை. முகத்தில் ஒரு சாந்தம்.

இதை முதலில் தொகுத்து நூலாக்கியவர்களில் ஒருவர், டப்ளினில் பௌதிகப் பேராசிரியராக இருந்த வில்லியம் பாரெற். அவர் 1925இல் இறந்தபின், 1926இல் அந்த நூல் வெளிவந்தது. அவரை இந்தத் தேடலுக்குள் இழுத்தது அவர் மனைவி புளோரன்ஸ் சொன்ன சம்பவம். புளோரன்ஸ் மகப்பேற்று வைத்தியர். 1924 ஜனவரியில் பிள்ளை பெற்று உயிர் பிரியக் கிடந்த ஒரு பெண், இறந்துபோன தன் தகப்பனார் தன்னை அழைக்க வந்திருக்கிறார் என்றாள். பிறகு திகைத்து, அவரோடு தன் சகோதரியும் நிற்கிறாளே என்றாள். அந்தச் சகோதரி சில கிழமைகளுக்கு முன்புதான் இறந்திருந்தாள்; நோயாளி தாங்கமாட்டாள் என்று அவளிடம் அதை மறைத்து வைத்திருந்தார்கள்.

கேட்பவரை உலுக்கும் கதை. ஆனால் ஒரு கதை ஒரு விதியாகாது. கார்லிஸ் ஓசிஸ், ஐஸ்லாந்தைச் சேர்ந்த எர்லெண்டூர் ஹரால்ட்ஸன் ஆகிய இரு உளவியலாளர்கள் அமெரிக்காவிலும் வட இந்தியாவிலும் நூற்றுக்கணக்கான மருத்துவர்களையும் தாதியரையும் கேட்டுத் தகவல் திரட்டி, 1977இல் நூலாக வெளியிட்டார்கள். அமெரிக்க நோயாளிகள் பெரும்பாலும் கண்டது இறந்த உறவினரை. இந்திய நோயாளிகள் கடவுளரையும் எமதூதரையும் கூடுதலாகக் கண்டார்கள். வந்தவரோடு போகமாட்டேன் என்று முரண்டு பிடித்தவர்களும் அவர்களிடையே கூடுதல். அனுபவம் இரு நாட்டுக்கும் பொது. யார் வருவது என்பதை ஊரும் சமயமும் வளர்ந்த வீடும் தீர்மானிக்கின்றன.

ஹரால்ட்ஸன் குழு கேட்டது நோயாளிகளைப் பராமரித்தவர்களை. நோயாளிகளையே நாள்தோறும் கேட்டது, அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஹொஸ்பிஸ் ஒன்றில் பணியாற்றும் கிறிஸ்தோபர் கெர் என்ற வைத்தியரின் குழு. 2014இல் வெளியான அந்த ஆய்வில் சன்னி இல்லாத, தெளிவாகப் பதில் சொல்லக்கூடிய 59 பேர் பங்குகொண்டார்கள். 88 சதவீதமானோர் ஒரு தடவையாவது இத்தகைய கனவையோ காட்சியையோ கண்டிருந்தார்கள். சில தூக்கத்தில் வந்தவை, சில விழித்திருக்கும்போது வந்தவை. தூக்கத்தில் வந்ததையும் சாதாரணக் கனவு என்று அவர்கள் ஏற்கவில்லை. உண்மையாக நடந்ததுபோலவே சொன்னார்கள். மரணம் நெருங்க நெருங்கக் காட்சிகள் கூடின. இறந்தவர்கள் வருவதும் கூடியது. எல்லாக் காட்சிகளிலும் அதிக ஆறுதல் தந்தவை இறந்தவர்கள் வந்த காட்சிகளே. பயணம் போவதும், பயணத்துக்கு ஆயத்தமாவதும் அடிக்கடி வந்தன. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: உயிரோடு இருக்கும் உறவினரும் நண்பர்களும் அந்தக் காட்சிகளில் வந்தார்கள்.

இது ஏன் நிகழ்கிறது? மூளைக்கு ஒட்சிசன் குறைவதால் என்று ஒரு விளக்கம் வழக்கிலிருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜீமோ போர்ஜிகின் குழு 2023இல், செயற்கைச் சுவாசம் நிறுத்தப்பட்ட நான்கு நோயாளிகளின் மூளை அலைகளை ஆராய்ந்தது. இருவருக்கு, நினைவோடும் உணர்வோடும் தொடர்புடைய வேகமான அலைகள் திடீரென எழுந்தன. வியப்பான செய்திதான். ஆனால் அது கடைசி நிமிடங்களைப் பற்றியது. தேத்தண்ணிக்குச் சீனி கேட்கும் ஆச்சி, சாவுக்கு மூன்று கிழமை முன்னால் தாயாரைக் கண்டதற்கு அது விளக்கமாகாது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையிலான எல்லை நோயில் தளர்வதும், கனவுக்குரிய நிலை விழிப்புக்குள் கசிவதும் ஒரு பங்கு வகிக்கலாம். அதற்குமேல், பிரிந்தவரை மனம் தேடும் இயல்பும் இருக்கிறது. 1971இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, வேல்ஸ் நாட்டு வைத்தியர் டூவி ரீஸ் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்திருந்தார். ஏறத்தாழப் பாதிப்பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். சிலர் உருவத்தைக் கண்டார்கள், சிலர் குரலைக் கேட்டார்கள். அவர்கள் நோயாளிகள் இல்லை. பெரும்பாலானோர் அதை அதுவரை ஒருவரிடமும் சொன்னதுமில்லை.

வன்னியில் யார் வருகிறார்கள்?

காட்சியில் வருபவரை வாழ்க்கை தீர்மானிக்கிறதென்றால், வன்னியில் சாகக் கிடப்பவரிடம் வரக்கூடியவர்களின் கூட்டம் பெரியது. இங்குள்ள மூத்தவர்களில் பலர் காடு வெட்டிக் குடியேறிய பெற்றோரின் பிள்ளைகள். அல்லது 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தவர்கள். அல்லது 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கியவர்கள். போரில் 1996இல் கிளிநொச்சியை விட்டோடியதும், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை ஓடியதும், பின்னர் செட்டிகுளம் முகாம்களில் கம்பிவேலிக்குள் இருந்ததும் அவர்கள் உடம்பில் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அழுத்திச் சொன்னது, இந்தக் காயம் தனியாளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத் தாக்கியது என்பதை.

அதனால் ஒரே வார்த்தை இங்கே இரு பொருள்படும். "சாமானைக் கட்டு, வெளிக்கிடுவம்" என்று அப்பு சொல்கிறார். அது கெர் குழு பதிவுசெய்த அமைதியான பயணமாகவும் இருக்கலாம். ஷெல்லுக்குப் பயந்து இரவோடிரவாக வெளிக்கிட்ட நினைவாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்தால் தெரியும். நடுக்கமும் வியர்வையும் பதுங்கும் முயற்சியும் இருந்தால் அது பயம்; கையைப் பிடித்து, "சண்டை முடிஞ்சுதப்பு, நாங்கள் எங்கட வீட்டிலதான் இருக்கிறம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்; வைத்தியரின் உதவியும் வேண்டும். கெர் தன் நூலில் ஒரு முதிய அமெரிக்க வீரரைப் பற்றி எழுதுகிறார். இரண்டாம் உலகப்போரில் நோர்மண்டிக் கரையில் கண்ட பிணங்கள் அவரைக் கடைசி நாட்களிலும் நித்திரையில் துரத்தின. பின்னர் வந்த கனவுகளில் அவருக்குப் படைவிலகல் கடிதம் கிடைத்தது. அதன்பின் அவர் நிம்மதியாக உறங்கினார். போர் விட்ட வடு கடைசிவரை வருகிறது. கடைசி நாட்களிலும் அது ஆறக்கூடும்.

மிகக் கடினமான கேள்வி இனித்தான். காணாமலாக்கப்பட்ட மகனை அம்மா கண்டால்? கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய தாய்மாரின் போராட்டத்தில், பிள்ளைக்கு என்ன நடந்ததென்று அறியாமலே கண்மூடிய பெற்றோர் பலர். உடல் இல்லாததால் காடாத்து இல்லை, அந்தியேட்டி இல்லை. கணவனைத் தேடும் பெண் பொட்டை அழிக்கவுமில்லை. இந்த முடிவில்லாத இழப்பைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறார்: இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நிலையில் துக்கம் தொடங்கவும் முடியாது, ஆறவும் முடியாது. அப்படியான வீட்டில், சாகக் கிடக்கும் அம்மா "தம்பி வந்திட்டான்" என்று சொன்னால், சுற்றி நிற்பவர்கள் அதைச் செய்தியாகவே கேட்பார்கள். செத்தவர்கள்தானே வருவார்கள், அப்படியென்றால் அவனும் போய்விட்டானா என்று ஒருத்தி விம்முவாள்.

இங்கேதான் அறிவியல் அந்த வீட்டுக்கு ஓர் உதவி செய்யமுடியும். உயிரோடு இருப்பவர்களும் காட்சியில் வருகிறார்கள் என்பது பதிவான உண்மை. ஆகவே அம்மாவின் கண்ணில் மகன் வந்தது, அவன் இறந்தான் என்பதற்கும் சாட்சியில்லை, இருக்கிறான் என்பதற்கும் சாட்சியில்லை. அது அவ அவனைப் பெற்று வளர்த்துத் தேடியதன் சாட்சி. "தம்பி என்ன சொன்னவன், எப்பிடி இருக்கிறான்?" என்று கேளுங்கள். அவ சொல்வதைக் கேளுங்கள். மறுத்து, "அங்க ஒருத்தரும் இல்லையணை" என்று அந்த முகத்தை அழிக்கவேண்டாம். நாங்களும் கண்டோம் என்று பொய் சொல்லவும் வேண்டாம்.

அதற்கு முன்னால், மற்றக் காரணங்களைத் தேடிப் பார்த்துவிடுங்கள். மாற்றம் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று வந்ததா? காய்ச்சல் உண்டா? சலம், மலம் போகிறதா? புதிய மருந்து தொடங்கியதா? எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எல்லாம் பார்த்தபின்னும் அவர் தெளிவாக, பயமின்றி, வந்தவரோடு கதைத்துக்கொண்டிருந்தால், அந்த நேரம் அவருடையது.

சாகக் கிடப்பவருக்குக் கிடைக்கும் அந்த ஆறுதலை வைத்து, காணாமல்போனவர்களின் கணக்கை எவரும் முடித்துவிடக்கூடாது. மகனைக் கண்டுவிட்டுப் போனாள் என்பதால் அந்தத் தாயின் கேள்வி தீர்ந்துவிடவில்லை. அவள் கண்டது அவளுக்கான நிம்மதி. பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் உயிரோடு, பதவியோடு, கோப்புகளோடு இருக்கிறார்கள்.